சாய்ந்தும் வீழாத கோபுரம்

உலக அதிசயங்கள் என்று சிறுவர் நூல்களில் படம் போட்டுக் காட்டப்படுவனவற்றுள் இத்தாலி நாட்டுப் பைசா நகரத்துக் கோபுரமும் ஒன்று. வெள்ளைச் சலவைக்கல்லால் ஆகிய வட்ட வடிவான அக்கோபுரம் ஒருபுறமாகச் சாய்ந்து நிற்பதைப் படத்தில் பார்த்து, இஃது எப்போது விழுமோ என்று நாம் எல்லோரும் இளமையில் அஞ்சியும் வியந்தும் இருக்கிறோம். அதன் முன்னே நின்று கைகளை நீட்டி, அதைத் தாங்கிப் பிடிப்பது போலப் புகைப்படம் எடுத்துக்கொள்வது அங்குச் செல்லும் பயணிகளின் வழக்கம். அவர்கள் விளையாட்டாகச் செய்யும் அச்செயலை அறிஞர்கள் உண்மையாகவே செய்ய வேண்டிய ஒரு காலமும் வந்தது. 1990-ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அக்கோபுரத்தின் வாயில் அடைத்துக் கிடந்தது. அவ்விடைக்காலத்தில் கோபுரம் வீழாமற் காக்கப்பட்டது. அஃது எவ்வாறு காக்கப்பட்டது என்பதே நாம் ஈண்டுக் கூறப் புகும் வரலாறு.

ஊர்விட்டு ஊர் வந்து, பழக்கமில்லாத மண்ணில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் நம்முட் பலர். சுவரின் கனத்தையும் கம்பியின் தரத்தையும் பற்றிக் கொத்தனாரிடம் ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், கடைக்காலுக்குக் கீழே கிடக்கும் மண்ணைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்பது அரிது. அம்மண்ணைப் பற்றிய பாடமே பைசாக் கோபுரத்தின் எண்ணூறாண்டு வரலாறு.

மென்மண்மேல் ஒரு மணிக்கோபுரம்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பைசா, கடல் வாணிகத்தாற் செழித்த ஒரு குடியரசு. தன் செல்வத்தையும் வெற்றியையும் உலகுக்குக் காட்டும் பொருட்டு அந்நகரம் ஒரு பேராலயத்தை எழுப்பிற்று. அவ்வாலயத்துக்கு மணிகளைத் தொங்கவிட ஒரு தனிக் கோபுரம் வேண்டியிருந்தது. 1172-ஆம் ஆண்டில் பெர்த்தா என்னும் விதவையொருத்தி அக்கோபுரத்துக்குக் கல் வாங்குவதற்கென்று அறுபது காசுகளைத் தன் மரண சாசனத்தில் எழுதிவைத்தாள். மறு ஆண்டு, 1173-இல், திருப்பணி தொடங்கியது. முதற் சிற்பி பொனான்னோ என்பது பழைய மரபு. வேறொருவர் என வாதிப்பாரும் உளர்.

சிற்பி எவராயினும், அவர் கல்லை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. மண்ணைப் பற்றிய அறிவோ அக்காலத்தில் எவர்க்கும் இருந்ததில்லை. ஆர்னோ ஆறு கடலோடு கலக்கும் சமவெளியில் அமைந்தது பைசா. கோபுரத்தின் கீழே முதற் பத்து மீட்டர் ஆழத்துக்கு ஆறு கொணர்ந்த வண்டலும் மணலும் கலந்து கிடக்கின்றன. அதன்கீழ், ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம் வரை, பெரும்பாலும் களிமண். அக்களியின் மேற்பகுதி மிகவும் மெத்தென்றது. அதற்கும் கீழேதான் கெட்டியான மணற்படுகை. இத்தகைய நிலத்தின்மேல் மூன்று மீட்டர் ஆழமே உள்ள ஒரு வட்டக் கடைக்காலை இட்டு, அதன்மீது 14,500 டன் எடையும் அடி முதல் முடி வரை 58 மீட்டர் உயரமும் உள்ள கோபுரத்தை ஏற்றினார்கள். அக்கடைக்காலின் குறுக்களவு இருபது மீட்டருக்கும் சற்றுக் குறைவு. கோபுரம் மண்ணுக்குள் சராசரியாக மூன்று மீட்டர் அமிழ்ந்துவிட்டது என்று பிற்காலத்தார் கணக்கிட்டனர். எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமிழ்ந்திருந்தால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒருபக்கம் மிகுதியாக அமிழ்ந்தமையே கோபுரத்துக்குக் கேட்டையும் தேடித் தந்தது, புகழையும் தேடித் தந்தது.

போர் செய்த உதவி

1178-ஆம் ஆண்டளவில் நான்காம் அடுக்கு தொடங்கியிருந்த நிலையில் வேலை நின்றது. பிறகு ஏறத்தாழ நூறாண்டுகள் கோபுரம் அரைகுறையாகவே நின்றது. 1272-இல் ஜியோவான்னி தி சிமோனே என்னும் சிற்பி மீண்டும் பணியைத் தொடங்கினார். 1278-இல் ஏழாம் அடுக்கு முடிந்தபோது போரின் காரணமாக மறுபடியும் வேலை நின்றது. ஆறாண்டுகளுக்குப் பின், 1284-இல், மெலோரியா என்னுமிடத்து நடந்த கடற்போரில் ஜெனோவா நகரத்தாரிடம் பைசா பெருந்தோல்வியுற்றது. அதன் பழைய சிறப்பு மீளவேயில்லை. உச்சியில் உள்ள மணிமாடம் 1360-க்கும் 1370-க்கும் இடையிலேதான் கட்டி முடிக்கப்பட்டது. தொடங்கியது முதல் முடிந்தது வரை ஏறக்குறைய இருநூறாண்டுகள்!

இவ்வளவு தாமதமும் ஒரு சாபக்கேடு என்றே அந்நகரத்தார் எண்ணியிருப்பர். உண்மையில் அத்தாமதமே கோபுரத்தின் உயிரைக் காத்தது. தயிரைத் துணியில் முடிந்து தொங்கவிடும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதன் காரணத்தை விளக்குவது எளிது. முடிச்சைத் தொங்கவிட்டுக் காத்திருந்தால் நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து தயிர் கெட்டிப்படும். பொறுமையின்றி உடனே அதன்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாலோ, தயிர் துணியைப் பிதுக்கிக்கொண்டு வெளிவந்துவிடும். நீர் ஊறிய களிமண்ணும் இத்தகையதே. பாரம் ஏறியவுடன் அதனுள் உள்ள நீர் வெளியேற வழி தேடும். களியின் நுண்ணிய துளைகளின் வழியே அது வெளியேற ஆண்டுகள் பல ஆகும். நீர் வெளியேற வெளியேற மண் இறுகி வலிமை பெறும். 1178-இல் வேலை நிற்காமல் தொடர்ந்திருக்குமாயின் கோபுரம் அப்போதே மண்ணைப் பிளந்துகொண்டு சரிந்திருக்கும் என்றும், 1278-இலும் அதே நிலைமைதான் என்றும் இன்றைய அறிஞர்கள் கணக்கிட்டுக் கூறுகின்றனர். நூறாண்டு ஓய்வில் களிமண் இறுகியது. அடுத்த பாரத்தைத் தாங்கும் ஆற்றலையும் பெற்றது. களிமண் இவ்வாறு இறுகும் விதியைக் கணக்காக வகுத்தவர் கார்ல் டெர்சாகி என்னும் பொறியியலறிஞர். மண்ணின் இயக்கத்தைப் பற்றிய அவர்தம் நூல் வெளிவந்தது 1925-இல். பைசாவின் சிற்பிகளோ அவ்விதியை அறியாமலே, போரினாலும் வறுமையினாலும், அதற்குக் கட்டுப்பட்டு நடந்தனர்.

சாய்வு தொடக்கத்தில் வடபுறமாகச் சிறிதே இருந்தது. இரண்டாம் முறை வேலை தொடங்கியபின் தென்புறமாகத் திரும்பியது. சிற்பிகள் அதைக் கண்டு வாளாவிருக்கவில்லை. ஒவ்வோர் அடுக்கையும் கட்டும்போது சாய்வுக்கு எதிர்ப்புறமாகக் கல்வரிசையைச் சற்றே வளைத்துக் கட்டினர். அதனால் கோபுரம் சாய்ந்தது மட்டுமன்றி, வாழைப்பழம் போல் மெல்ல வளைந்தும் இருக்கிறது. ஏழாம் அடுக்கிலிருந்து மணிமாடத்துக்கு ஏறத் தென்புறத்தில் ஆறு படிகளும் வடபுறத்தில் நான்கு படிகளும் உள்ளன. அந்த இரண்டு படிகளின் வேற்றுமை, அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கொத்தன் தன் கண்முன்னே சாயும் கட்டிடத்தோடு நடத்திய போராட்டத்தின் அடையாளம்.

நன்மை செய்யப்போய்

மணிமாடம் ஏறியபின் சாய்வு வளர்ந்தது. 1817-இல் ஆங்கிலக் கட்டிடக் கலைஞர் இருவர் தூக்குக்குண்டு கட்டி அளந்தபோது அது ஏறக்குறைய ஐந்து பாகையை எட்டியிருந்தது. தூண்களின் அடிப்பீடங்கள் மண்ணுக்குள் மறைந்துபோயிருந்தன. அவற்றை மக்கள் காணவேண்டும் என்னும் நல்லெண்ணத்தால், 1838-இல் கெரார்தெஸ்கா என்னும் கட்டிடக் கலைஞர் கோபுரத்தைச் சுற்றிலும் பள்ளம் தோண்டி ஒரு நடைபாதை அமைத்தார். தென்புறத்தில் அப்பள்ளம் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே சென்றது, நீர் பெருக்கெடுத்தது. கோபுரம் மேலும் அரைப் பாகையளவு தென்புறமாகச் சாய்ந்தது. பல நூற்றாண்டுகளாகத் தன்னைத்தானே நிலைப்படுத்திக்கொண்டிருந்த மண்ணை ஒரு பருவத்து வேலை கலைத்துவிட்டது.

1934-இல், முசோலினியின் ஆட்சிக் காலத்தில், கோபுரத்தைச் சீர்செய்ய மறுமுயற்சி நடந்தது. கடைக்காலில் 361 துளைகள் இட்டு அவற்றின் வழியே ஏறத்தாழ 80 டன் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள். கடைக்கால் வலுப்பெறும், நீர் ஊறுவது நிற்கும் என்பது அவர்கள் எண்ணம். கோபுரமோ சட்டென்று தென்புறமாக மேலும் நகர்ந்தது. குற்றம் கடைக்காலின் கல்லில் இல்லை, அதன் கீழுள்ள மண்ணில் இருந்தது என்பதை அவர்கள் உணரவில்லை.

1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் பைசா நகரத்தைச் சுற்றிலும் ஆழ்கிணறுகளிலிருந்து நீரை மிகுதியாக இறைத்தார்கள். ஆழத்து மணற்படுகையில் நீர் வற்ற வற்ற, கோபுரம் சாயும் வேகமும் பெருகியது. இறைப்பைக் கட்டுப்படுத்தியபின் வேகம் தணிந்தது. 1911 முதல் ஆண்டுதோறும் கருவிகளைக் கொண்டு சாய்வை முறையாக அளந்து குறித்து வந்தமையால்தான் இவ்வுண்மைகள் எல்லாம் பிற்காலத்தார்க்குப் புலனாயின. அவ்வளவுக் குறிப்பேடு இல்லாதிருந்தால் பின்னர் வந்த வைத்தியர்கள் நாடி பார்க்கவும் வழியற்றிருப்பர்.

அடைத்த கதவு

1989-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள், இத்தாலியின் வடபகுதியில் உள்ள பவியா நகரத்துப் பழைய மணிக்கோபுரம் எவ்வித முன்னறிவிப்பும் இன்றித் தகர்ந்து வீழ்ந்தது. நான்கு பேர் உயிரிழந்தனர். அதன் வீழ்ச்சிக்குக் காரணம் மண் அன்று. நாட்பட்ட சுவரின் நலிவே காரணம். ஆயினும் அச்செய்தி இத்தாலியர் அனைவரையும் பைசாவின் பக்கம் திரும்பிப் பார்க்கச் செய்தது. பைசாக் கோபுரத்துக்கு இருவகை இடர்கள் இருந்தன. சாய்ந்த பக்கத்துச் சுவரின்மேல் பாரம் முழுதும் குவிந்து, முதலடுக்கின் தென்புறத்தில் கல் வெடித்துச் சிதறக்கூடும் என்பது ஒன்று. மண்ணே இடங்கொடுத்துக் கோபுரம் முழுமையாகக் கவிழக்கூடும் என்பது மற்றொன்று. அப்போது கடைக்காலின் சாய்வு ஐந்தரைப் பாகை. ஏழாம் அடுக்கின் விளிம்பு, முதலடுக்கின் விளிம்பைவிட நான்கரை மீட்டர் வெளியே நீண்டிருந்தது. 1990 சனவரி 7-ஆம் நாள் கோபுரத்தின் கதவு அடைக்கப்பட்டது. யாமியோல்கோவ்ஸ்கி என்னும் மண்ணியல் பேராசிரியர் தலைமையில் பொறியியலார், கட்டிடக் கலைஞர், கலைவரலாற்றறிஞர் ஆகியோர் அடங்கிய குழு அமைக்கப்பட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ஜான் பர்லண்ட் அதன் முக்கிய உறுப்பினருள் ஒருவர்.

மெத்தையின்மேல் மரக்கட்டைகளை அடுக்கி விளையாடும் குழந்தையைப் பாருங்கள். குறிப்பிட்ட உயரம் வரை அடுக்கு நிற்கும். அதற்குமேல் ஒரு கட்டையை வைத்தவுடன் எவ்வளவு கவனமாக வைத்தாலும் அடுக்கு சாயும். சிறிது சாய்ந்தவுடன் பாரம் அப்பக்கம் போகும். பாரம் போன பக்கம் மெத்தை அழுந்தும். அழுந்தியவுடன் மேலும் சாயும். கட்டைகளின்மேல் குற்றமில்லை, மெத்தையின் மென்மைக்கும் அடுக்கின் உயரத்துக்கும் உள்ள பொருத்தமின்மையே குற்றம். பைசாக் கோபுரம் அவ்விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. அதைத் தொடுவதற்கே வல்லுநர்கள் அஞ்சினர். மண்ணைத் தோண்டினாலும் ஆபத்து, துளையிட்டாலும் ஆபத்து, தென்புறத்தில் எதைச் செய்தாலும் ஆபத்து.

பழைய அளவுகளை ஆராய்ந்தபோது ஒரு புதிய உண்மை வெளிப்பட்டது. தென்புறம் அமிழ்வதனால் கோபுரம் சாய்கிறது என்றே அதுவரை யாவரும் நம்பியிருந்தனர். அண்மைக் காலத்தில் தென்புறம் பெரிதும் அசையவில்லை. வடபுறமே சிறிது சிறிதாக மேலெழுந்து வந்தது. மழைக்காலத்தில் வடபுறத்து நிலத்தடி நீர்மட்டம் உயரும்போதெல்லாம் இவ்வசைவு நிகழ்ந்தது. எழும் பக்கத்தின்மேல் பாரம் வைத்தால் கோபுரத்துக்குத் தீங்கில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. மருந்து தென்புறத்தில் இல்லை, வடபுறத்தில் இருந்தது.

ஈயமும் உறைபனியும்

முதற்கண், 1992-இல், முதலடுக்கைச் சுற்றி எஃகு வடங்களை இறுக்கிக் கட்டிச் சுவருக்குக் காவல் அமைத்தனர். பிறகு 1993-94-இல், கடைக்காலின் வடபுறத்தில் காங்கிரீட்டு வளையம் ஒன்றை அமைத்து, அதன்மேல் 600 டன் ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கினர். பல நூற்றாண்டுகளாகத் தென்புறமே நோக்கிச் சென்ற கோபுரம் சற்றே வடபுறம் திரும்பியது. திரும்பிய அளவு ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கும் இல்லை. ஆயினும் அதைக் கண்ட அறிஞர்களின் உள்ளம் குளிர்ந்தது.

ஈயக் குவியல் கண்ணுக்கு அழகாக இல்லை. ஆகவே அதை அகற்றிவிட்டு, ஆழத்து மணலில் நங்கூரம் போல் ஊன்றிய எஃகு வடங்களால் வடபுறத்தைக் கீழ்நோக்கி இழுக்கலாம் என்று 1995-இல் முடிவு செய்தனர். அதற்குக் கடைக்காலைச் சுற்றி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டவேண்டும். நீர் புகாதிருக்கத் திரவ நைட்ரஜனைச் செலுத்தி மண்ணை உறைய வைத்தனர். வேலை தென்புறத்தை அணுகியபோது, செப்டம்பர் மாதத்தில், கோபுரம் தென்புறமாக நகரத் தொடங்கியது. ஓராண்டு முழுவதும் சாய வேண்டிய அளவு ஓரிரவிலேயே சாய்ந்தது. உறைந்த மண் விரிவதும் உருகும்போது தளர்வதும் இத்தகைய நுண்ணிய நிலையிலுள்ள கோபுரத்துக்கு ஒவ்வாதவை. வேலையை உடனே நிறுத்தி, மேலும் 300 டன் ஈயத்தை ஏற்றியபின்பே கோபுரம் அடங்கியது.

1838-ஆம் ஆண்டினரையும் 1934-ஆம் ஆண்டினரையும் அறியாமையுடையோர் என்று இகழ்வது எளிது. உலகத்தின் தலைசிறந்த அறிஞர் கூடிய குழுவும், அழகின்பொருட்டு விரைந்தபோது, அதே பள்ளத்தின் விளிம்பு வரை சென்று மீண்டது என்பதை நாம் மறத்தல் கூடாது. அக்குழுவினர்க்கும் முன்னோர்க்கும் இருந்த வேற்றுமை ஒன்றே: இவர்கள் நாழிகைதோறும் அளந்துகொண்டிருந்தார்கள், அளவு தவறென்று காட்டியவுடன் கையை எடுத்துக்கொண்டார்கள்.

கைப்பிடி கைப்பிடியாக மண்

சாய்ந்ததை நிமிர்த்த, தாழ்ந்த பக்கத்தைத் தூக்கவேண்டும் என்றே பொதுவாக எண்ணுவோம். உயர்ந்த பக்கத்தைத் தாழ்த்தினாலும் அதே பயன் கிட்டும் அன்றோ? 1832-இலேயே இங்கிலாந்தில் விபன்பரி என்னும் சிற்றூரில், ஜேம்ஸ் ட்ரப்ஷா என்னும் கட்டிட வல்லுநர் சாய்ந்துபோன ஒரு தேவாலயக் கோபுரத்தின் உயர்ந்த பக்கத்துக் கீழிருந்து மண்ணைத் துளையிட்டு எடுத்து அதை நிமிர்த்தியிருந்தார். பைசாவில் பள்ளம் தோண்டப்படுவதற்கு ஆறாண்டுகளுக்கு முன் நடந்தது அது. 1962-இல் தெர்ராசீனா என்னும் இத்தாலியப் பொறியியலார் பைசாக் கோபுரத்துக்கும் இம்முறையே தக்கது என்று எழுதினார். அவ்வுரை முப்பதாண்டுகளுக்கு மேல் ஏட்டிலேயே உறங்கியது. 1990-களில் மெக்சிகோ நகரத்துப் பேராலயத்தை, அதன் ஏரிப்படுகைக் களியில் சீரின்றி அமிழ்ந்துகொண்டிருந்த நிலையிலிருந்து மீட்க இம்முறையே கைக்கொள்ளப்பட்டது.

பைசாக் குழுவினர் இம்முறை அவசரப்படவில்லை. ஆலய வளாகத்திலேயே ஏழு மீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்ட மேடையைக் கட்டி, அதன்மேல் ஒருபுறமாகப் பாரமேற்றிச் சோதனை செய்தனர். ஓர் எல்லைவரை மண்ணை எடுத்தால் நன்மை, அவ்வெல்லையைக் கடந்து கோபுரத்தின் அடியில் மிகவும் உட்சென்று எடுத்தால் தீமை என்பதை அச்சோதனையிற் கற்றனர். கோபுரம் தடுமாறினால் பிடித்துக்கொள்ள நீண்ட எஃகு வடங்களை வடபுறத்திலிருந்து கட்டிவைத்தனர்.

1999 பிப்ரவரியில் பன்னிரண்டு குழாய்களை வடபுறத்திலிருந்து சாய்வாகச் செலுத்தி முன்னோட்டம் நடந்தது. குழாய்க்குள் திருகாணி போன்ற துளைக்கோல் ஒன்று சுழன்று சிறிதளவு மண்ணை எடுத்துவரும். எடுத்த இடத்தில் உண்டான பொந்து, மேலுள்ள மண்ணின் பாரத்தால் மெல்ல மூடிக்கொள்ளும். கோபுரம் மயிரிழையளவு வடபுறம் இறங்கும். முன்னோட்டம் பலித்தது. 2000 பிப்ரவரி முதல் நாற்பத்தொரு குழாய்களைக் கொண்டு முழு வேலையும் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் கோபுரத்தின் அசைவை அளந்து, அவ்வளவைப் பார்த்தபின்பே மறுநாள் எக்குழாயிலிருந்து எவ்வளவு மண் எடுப்பது என்று கட்டளை பிறந்தது. ஓராண்டுக்கு மேல் இவ்வாறு நடந்தது. கோபுரம் நிமிர நிமிர, வடபுறத்து ஈயக் கட்டிகளையும் ஒவ்வொன்றாக இறக்கினர்.

எடுத்த மண் மொத்தம் ஏறக்குறைய 38 கன மீட்டரே. பதினாலாயிரத்து ஐந்நூறு டன் கோபுரத்துக்கு ஒரு சிறு அறையளவு மண்! சாய்வு அரைப் பாகை குறைந்தது. உச்சி நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் வடபுறம் மீண்டது. 1838-இல் பள்ளம் தோண்டுவதற்கு முன்னிருந்த நிலைக்குக் கோபுரம் திரும்பிவிட்டது. 2001 டிசம்பர் 15-ஆம் நாள் கதவு மீண்டும் திறக்கப்பட்டது. வடபுறத்தில் மழைக்காலத்து நீர்மட்டம் ஏறாதிருக்க 2002-இல் வடிகால் வசதியும் செய்தனர். 2008-இல் கோபுரத்தின் அசைவு நின்றுவிட்டது என்றும், குறைந்தது இருநூறாண்டுகளுக்கு அச்சமில்லை என்றும் பர்லண்ட் அறிவித்தார்.

சாய்வை முழுதும் நீக்கியிருக்கலாகாதா என்று சிலர் வினவக்கூடும். அதனால் இருவகை இழப்பு நேர்ந்திருக்கும். வளைத்துக் கட்டப்பட்ட கோபுரத்தின் அடியை நேராக்கினால் முடி கோணலாகும். உலகம் அறிந்த அதன் உருவமும் மறையும். சாய்வே அதன் வரலாறு ஆதலின், வரலாற்றை அழியாமல் ஆபத்தை மட்டும் அகற்றினர். கண்ணால் பார்ப்பவர்க்கு எவ்வித மாற்றமும் தெரியாததே அவ்வேலையின் சிறப்பு.

நமக்கு உரிய பாடம்

இவ்வரலாற்றை நம் சங்க மலரில் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நாம் குடியேறி வாழும் இப்பாரத நாட்டில் மண் ஓரிடத்தில் இருப்பது போல் மற்றோரிடத்தில் இருப்பதில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலும் தக்காணத்தின் பெரும்பகுதியிலும் உள்ள கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். கங்கை வண்டலோ வேறு குணமுடையது. இமயச் சரிவின் மண் இன்னும் வேறு.

உத்தரகண்ட மாநிலத்து ஜோஷிமட நகரத்தை எண்ணிப் பாருங்கள். அந்நகரம் பழைய நிலச்சரிவின் குவியல்மேல் அமைந்தது என்றும், அங்குப் பெருங்கட்டிடங்கள் எழுப்பலாகாது என்றும், வடிகால்கள் அமைக்க வேண்டும் என்றும் 1976-இலேயே மிஸ்ரா குழு எச்சரித்தது. நகரமோ வளர்ந்துகொண்டே போயிற்று. 2023 சனவரியில் அங்கு எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டிடங்களில் வெடிப்பு விழுந்தது. குடும்பங்கள் பல, பனிக்காலத்தில் தம் இல்லங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. தெர்ராசீனாவின் உரை ஏட்டில் உறங்கியபோது பைசாவில் ஒரு வெற்றுக் கோபுரம்தான் காத்துக்கிடந்தது. ஜோஷிமடத்து எச்சரிக்கை உறங்கியபோது அடுப்பெரிந்த வீடுகள் ஆபத்துக்கு உள்ளாயின. ஒரு மலைநகரத்துக்குப் பைசாவின் மருந்து அப்படியே பொருந்தாது. மண்ணை முதலிற் கேட்டறிய வேண்டும் என்னும் நெறி எவ்விடத்துக்கும் பொருந்தும்.

நாம் மனை வாங்கும்போது பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம். அதுபோலவே மண் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பொறியியலாரிடம் காட்டவேண்டும். அடுக்கு வீட்டில் குடியிருப்போர், கட்டிடத்தைச் சுற்றி மழைநீர் தேங்குகிறதா, ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் அளவின்றி இறைக்கப்படுகிறதா என்று கவனிக்கவேண்டும். சுவரில் வெடிப்புக் கண்டால் சுண்ணாம்பு பூசி மறைக்காமல், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவைத்து, அது வளர்கிறதா என்று திங்கள்தோறும் பார்க்கவேண்டும். வளர்வதாகத் தெரிந்தால் தாமதியாது தக்கவரை அழைக்கவேண்டும். பைசாவில் 1911 முதல் செய்துவந்த வேலையின் சிறு வடிவமே இது. இதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை.

பெர்த்தா என்னும் அவ்விதவை விட்டுச்சென்ற அறுபது காசுகளால் வாங்கிய கற்கள் கோபுரத்தின் அடிவரிசையில் இருக்கின்றன என்பர். கோபுரம் முடிவதை அவள் காணவில்லை. அது சாய்வதையும் காணவில்லை. அவள் கொடுத்த கல் இன்றும் தன் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதன் கீழிருந்த மண்ணைக் காக்கவே பின்வந்தோர்க்கு எண்ணூறு ஆண்டுகள் ஆயின. வீடு கட்டும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வாராக.